கருப்புத் துணி வீட்டுக்கு வந்த போன்

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே காலெடுத்து வைத்ததும், எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்றே அக்காவுக்குத் தெரியவில்லை.

"கரண்ட் போயிடுச்சா?" என்றான் தந்தி.

"கரண்ட் இருக்கு. ஜன்னலைத்தான் மூடி வச்சிருக்கேன். நேரா வாங்க, நாலடியில நாற்காலி இருக்கும்" என்றது ஒரு பெண் குரல்.

நாற்காலி இருந்தது. தந்தி அதைத் தன் முழங்காலால் கண்டுபிடித்தான்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. கூடப் பிறந்தவர் ஒருவர்கூட இல்லாதவளுக்கு இப்படி ஒரு பெயர். துப்பறியும் தொழிலில் அவளுக்கு நரை விழுந்துவிட்டது. போன மழைக்காலத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அவள் அழவில்லை. அழுதால்தான் பாரம் இறங்கும் என்று உறவுக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து சொல்லிப் பார்த்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஈறு மரத்துப் போகுமே, அப்படி ஆகிவிட்டது அவள் மனசு. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

தந்தி அவளுடைய உதவியாள். அவன் காதில் விழுந்தது ஊருக்கே விழுந்த மாதிரி என்பதால் அந்தப் பெயர். துப்பறியும் நிலையத்தில் இப்படி ஓர் ஓட்டைவாயா என்று கேட்காத ஆள் இல்லை. மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டுமானால் நம் பக்கம் ஒரு வாய் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

இருட்டு மெல்லப் பழகியது. தையல் மெஷின் ஒன்று, அதன் பின்னால் ஒரு பெண். ஜன்னல்களில் இரட்டையாகத் தைத்த கருப்புத் துணி, ஓரமெல்லாம் ஆணி அடித்து. மூடியிருந்த அறைக் கதவை அவள் கையால் காட்டினாள்.

"பொண்ணு தூங்குறா. எட்டு வயசு. பகல்ல தூக்கம், பொழுது சாஞ்சதும் விளையாட்டு. அவ மேல வெயில் படக்கூடாது. பட்டா புண்ணு வரும், புண்ணு கட்டியாகும். கன்னத்துல ஒண்ணு, மூக்குல ஒண்ணு, ரெண்டை வெட்டி எடுத்தாச்சு."

அவள் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே இருக்கும் பெரிய டாக்டர் குழந்தையின் தோலில் ஒரு கிள்ளு எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, புது மருந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் செத்துப்போகிற செல்கள், மருந்து போட்டதும் சாகாமல் நின்றன. நாளைக் காலை குழந்தைக்கு முதல் வேளை மருந்து. இந்த நேரத்தில்தான் நேற்று முன்தினம் ஒரு போன்.

"நம்பர் விழலை. குசுகுசுன்னு ஒரு குரல். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலை. 'உங்க பொண்ணுக்கு அந்த மருந்தைக் குடுக்காதீங்க. ஜன்னல் துணியைக் கழட்டிடாதீங்க.' அவ்ளோதான், வச்சுட்டாங்க."

"யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"என் வீட்டுக்காரர்தான். அதை நீங்க நிரூபிச்சுக் குடுங்க."

ரவிக்கைக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை. அக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்த குரல். வீட்டில் தினமும் தன் வாயிலிருந்தே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு மருந்து பிடிக்கலை. வெல்டிங் பட்டறையில வேலை. 'நெருப்பு வெளிச்சத்தோட பழகினவன் நான், கண்ணாடி போடாம பார்த்தா கண்ணு போயிடும், ஒரு மாத்திரை கண்ணாடியாகுமா?'ன்னு கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அன்னிலேருந்து பேச்சு கம்மி. போன் வந்ததுக்கு அப்புறம் நானும் பேசலை. தட்டுல சோத்தைப் போட்டு வச்சுட்டு உள்ள போயிடுவேன். இப்ப பட்டறையிலேயே படுத்துக்கிறார்."

"துணியைக் கழட்டப் போறீங்களா?"

"மருந்து உள்ள போனதும் முன்பக்கத்து ஜன்னலை மட்டும் திறக்கலாம்னு நெனச்சேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை. மனசுல நெனச்சதுதான்."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"அவர்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே வீடு ரெண்டாயிருக்கும்."

"மனசுல நெனச்சது போன்ல திரும்பி வராதும்மா. எங்கயோ வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்க. ஞாபகம் வந்ததும் என்னைக் கூப்பிடுங்க" என்று அக்கா எழுந்தாள்.

வெளியே வந்ததும் தந்தி கண்ணைக் கசக்கினான். "அக்கா, புருஷன்காரன் இல்ல. துணியைக் கழட்டுற விஷயமே அவனுக்குத் தெரியாது. தவிர, சொந்தப் பொண்டாட்டிகிட்ட குசுகுசுன்னு பேசுற புருஷன் உலகத்துல எங்க இருக்கான்? கத்தித்தான் நமக்குப் பழக்கம்."

"மருந்துல ஏதோ கோளாறுன்னு தெரிஞ்ச ஆளு. துணி விஷயமும் தெரிஞ்ச ஆளு. ரெண்டும் தெரிஞ்சவங்க எங்க இருப்பாங்க?"

"மேல்மாடியில" என்றான் தந்தி. "லிஃப்ட் வேலை செய்யணும்னு வேண்டிக்கிறேன்."

*

லிஃப்ட் வேலை செய்தது. பெரிய டாக்டர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். குழந்தையின் அம்மா போனில் சொல்லிவைத்திருந்ததால், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருவருக்கும் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனாள். துடிப்பான பெண். மருந்து வெற்றி என்றால் அவள் பட்டமும் வெற்றி. அந்தச் சந்தோஷம் நடையிலேயே தெரிந்தது.

"முதல்ல எனக்குப் புரியற மாதிரி நோயைச் சொல்லும்மா" என்றாள் அக்கா.

"ஒரு செல் ரெண்டாகணும்னா, உள்ள இருக்கிற டி.என்.ஏ. முழுசையும் நகல் எடுக்கணும். அம்மா குடுத்தது முந்நூறு கோடி எழுத்து, அப்பா குடுத்தது முந்நூறு கோடி. ஒரு ஷிஃப்ட் நேரத்துல எழுதி முடிச்சுடும்."

"தப்பு வராதா?"

"வரும். எழுதுறதே பின்னாடி திரும்பிப் பார்த்து அழிச்சு எழுதும். அதுக்கும் தப்பினதை இன்னொரு கூட்டம் வந்து பிடிக்கும். கடைசியில நூறு கோடி எழுத்துக்கு ஒரு தப்பு தங்கினா பெரிசு."

"எங்க ஆபீஸ்ல ஒரு பக்கம் டைப் அடிச்சா ஒன்பது தப்பு" என்றான் தந்தி. "அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரை எங்க பக்கம் அனுப்பி வைங்க, சம்பளம் பேசிக்கலாம்."

மாணவி சிரித்தாள். "வெயில் பட்டா, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு எழுத்து ஒட்டிக்கும். எனக்கும் ஒட்டுது, உங்களுக்கும் ஒட்டுது. நம்ம செல்லு அந்த இடத்தைக் கத்தரிச்சு எடுத்துட்டுப் புதுசா ஒட்டுப் போட்டுடும். பாப்பாவுக்கு அந்தக் கத்தரி வேலை செய்யாது. நகல் எடுக்க வர்றது ஒட்டின இடத்துல வந்து முட்டிக்கும். பாதி செல் அங்கேயே செத்துடும். சிலது சாகாம, குத்துமதிப்பா எதையோ எழுதிட்டுத் தாண்டிப் போயிடும். அந்த மாதிரி தப்பு சேரச் சேரத்தான் கட்டி வருது."

"செத்துப்போறதே மேல்னு சொல்றே."

"செல்லைப் பொறுத்தவரைக்கும், ஆமா."

அக்காவின் கணவருக்கும் கட்டிதான். எங்கோ ஒரு நகலில் எவனோ குத்துமதிப்பாக எழுதிய ஓர் எழுத்து. இதைக் கேட்டதும் தனக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று அவள் நின்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. சரி என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

மாணவி ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே உடம்புச் சூடு. இரண்டு தட்டுகளில் படுக்கவைத்த சிறிய பிளாஸ்க்குகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரவம். மேல்தட்டில் சிவப்பு. கீழ்த்தட்டில் மஞ்சள்.

"மேல இருக்கிறது மருந்து போடாதது. கீழ இருக்கிறது மருந்து போட்டது. ரெண்டும் பாப்பாவோட செல்லுதான்."

"ஏன் ரெண்டு கலர்?"

"ஊத்தும்போது எல்லாம் சிவப்புதான். அதுதான் செல்லுக்குச் சாப்பாடு, மீடியம்னு சொல்லுவோம். செல்லு சாப்பிடச் சாப்பிட அது புளிச்சு மஞ்சளாகும். கீழ்த்தட்டுல நேத்துதான் மாத்தினோம், அதுக்குள்ள மஞ்சள் ஆயிடுச்சு. அவ்ளோ பசி!" பெருமை பொங்கியது அவளுக்கு. "மேல்தட்டுல ஒரு வாரமானாலும் சிவப்பு மாறாது. பாப்பா செல்லு ரொம்ப நிதானம்."

"மருந்து என்னம்மா செய்யுது?"

"அந்தக் கத்தரியைத் திரும்ப வேலை செய்ய வைக்குது."

"அவ்வளவுதானே? பசியைக் கிளப்புமா? குட்டி போடுற வேகத்தைக் கூட்டுமா?"

"அது... செல்லு குணமானா நல்லா பெருகும்தானே..." என்று இழுத்தாள் மாணவி.

தந்தி குறுக்கே புகுந்தான். "ரிப்பேருக்கு விட்ட ஸ்கூட்டர் மோட்டார் சைக்கிளா திரும்பி வந்தா, மெக்கானிக்குக்கு மாலை போடுவீங்களா, இல்ல இது யாரு வண்டின்னு கேப்பீங்களா?"

மாணவி சிரிக்க வாயெடுத்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. கீழ்த்தட்டைப் பார்த்தபடியே, "நாங்க சந்தோஷத்துல இருந்தோம்" என்று மட்டும் சொன்னாள்.

"பெட்டியில வேற யாரோட செல்லும் இருக்கா?"

"பக்கத்துப் பெட்டியில கட்டிச் செல்லு இருக்கு. என்னைக்கோ யாரோ ஒருத்தரோட கட்டியிலேருந்து எடுத்தது. ஆளு போயாச்சு, செல்லு சாகாம பெருகிட்டே இருக்கு. எல்லா லேப்லயும் இந்த மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்க."

"அதுக்கு வெளிச்சம் பட்டா?"

"ஒண்ணும் ஆகாது. அதுக்குக் கத்தரி நல்லாவே வேலை செய்யும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்தது.

*

செல் அறையைப் பார்த்துக்கொள்வது டெக்னீஷியன் அம்மா. கையுறையைக் கழற்றாமலே பேசினாள். தன் அறையில் யார் எதைத் தொட்டாலும் பிடிக்காத ஜாதி என்று பார்த்ததுமே தெரிந்தது.

அக்காவுக்கு ஒரு பழக்கம். யாரையாவது பார்த்தாயா, எதையாவது கேட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள். சாட்சிகள் பார்த்ததை மறந்துவிடுவார்கள், எரிச்சல் பட்டதை மறக்க மாட்டார்கள்.

"இங்க உங்களுக்கு எதுல எரிச்சல் வந்துச்சு?"

"எதுலன்னு கேளுங்க!" மடை திறந்தது. "அந்தப் பொண்ணு சாப்பாட்டு டப்பாவைக் கெமிக்கல் ஃபிரிட்ஜ்ல வைக்குது. யாரோ என் மார்க்கர் பேனாவை எடுத்துட்டாங்க. தரை துடைக்கிறவர் ஈரத்தோட விடுறார். நாலு மாசம் முன்னாடி நான் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு லீவு போட்டுட்டு வந்து பார்த்தா, பாட்டிலைக்கூட ஒழுங்கா திறக்கலை..."

"என்ன பாட்டில்?"

"மீடியம் பாட்டில்தான். இங்க ஒரே சட்டம், ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில். கட்டிச் செல்லுக்குத் தனி, பாப்பா செல்லுக்குத் தனி. மீடியம் உறிஞ்சி ஊத்துற குழாய் ஒரு பிளாஸ்க்ல பட்டுட்டுத் திரும்ப பாட்டிலுக்குள்ள போச்சுன்னா, ஒரே ஒரு செல் ஒட்டிட்டுப் போனாப் போதும், கதை முடிஞ்சுது. அதான் போறதுக்கு முன்னாடி ரெண்டு புது பாட்டில் பேர் எழுதி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுப் போனேன். கட்டிச் செல்லுக்கு மேல்தட்டுல, பாப்பாவுக்கு அடித்தட்டுல. வந்து பார்த்தா மேல இருந்தது சுத்தமா காலி. பாப்பா பாட்டில் மூடிகூடத் திறக்காம அப்படியே இருக்கு."

"பாப்பா செல்லுக்கு அந்த நாள்ல சாப்பாடு போடவே இல்லையோ?"

"மருந்து போடாத பிளாஸ்க்கெல்லாம் நான் போற அன்னிக்கே மாத்திட்டேன். மருந்து போட்டதுக்கு மட்டும் நடுவுல ஒரு தடவை மாத்தணும். அது மாத்தியிருந்துச்சு."

"திறக்காத பாட்டில்லேருந்து சாப்பாடு வந்திருக்கு" என்றான் தந்தி. "ஆஸ்பத்திரியில அற்புதம் நடக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், இவ்ளோ சின்னதா நடக்கும்னு தெரியாது."

அந்த அம்மா அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளின் கண், மெதுவாக ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியது. எரிச்சலாக மட்டுமே வைத்திருந்த விஷயம் இப்போதுதான் அவளுக்குள் கணக்காக ஓடியது. கையுறையோடு வாயைப் பொத்தப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு மாத்தினது யாரு?" என்றாள் அக்கா.

"பெரிய டாக்டர். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சுட்டுப் போறேன்னேன். 'இந்தக் கை பார்க்காத பிளாஸ்க்கா, நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க'ன்னார்."

"பாட்டில் விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? இங்க புகார்னா பெரிய டாக்டர்கிட்டதான் சொல்லணும்."

தாழ்வாரத்துக்கு வந்ததும் தந்தி விரல் மடக்கினான். "அக்கா, போன் பண்ணினது இந்த அம்மாதான். இல்லேன்னா அந்தப் பொண்ணு."

"ரெண்டு பேருக்கும் இப்ப, நம்ம முன்னாடிதான் தெரிஞ்சுது. முகத்தைப் பார்த்தேல்ல?"

"அப்ப வேற யாரு இருக்கா?"

அக்காவின் போன் அடித்தது. குழந்தையின் அம்மா.

"ஞாபகம் வந்துடுச்சு. பெரிய டாக்டர் நல்ல செய்தி சொன்ன அன்னிக்கு, லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மருந்து குடிச்ச அன்னிக்கே முன்ஜன்னல் துணியைக் கழட்டிடுவேன் டாக்டர்'னு சொன்னேன். வேற யாரும் பக்கத்துல இல்ல. ஆனா அவர் போய் அப்படிப் போன் பண்ணுவாரா?"

"நான் திரும்பக் கூப்பிடுறேன்" என்று அக்கா போனை வைத்தாள்.

தந்தி மடக்கிய விரல்களை விரித்தான். "சொந்தக் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, சரக்கு மட்டம், உள்ள போகாதீங்கன்னு சொல்ற முதலாளியை இப்பத்தான் பார்க்கிறேன்."

*

பெரிய டாக்டரின் அறை நல்ல வெளிச்சமான அறை. உயரமான மனிதர். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க. எதைப் பத்தி?"

"நீங்க பண்ணின போனைப் பத்தி" என்றாள் அக்கா. "குரலை அடக்கிட்டீங்க, நம்பரை மறைச்சுட்டீங்க. துணியைச் சொல்லியிருக்க வேணாம். அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அவர் மறுக்கவில்லை. மேஜையைப் பிடித்தபடியே மெல்ல உட்கார்ந்தார். பிறகு, "அதைச் சொல்லாம எப்படி விடறது? கழட்டிட்டாங்கன்னா?" என்றார்.

"ஃபிரிட்ஜ் அடித்தட்டு பாட்டிலை ஏன் எடுக்கலை?"

"முட்டி." அவர் பட்டையைத் தொட்டுக் காட்டினார். "குனிஞ்சா எழுந்திருக்க முடியாது. அந்த நேரத்துல பக்கத்துல யாரும் இல்ல. ரெண்டு பாட்டில்லயும் ஒரே மீடியம்தானே, என் கை தப்பாதுன்னு நெனச்சு, கட்டிச் செல்லுக்கு ஊத்தின பாட்டில்லேருந்தே பாப்பா செல்லுக்கும் ஊத்திட்டேன். ஒரு மாசம் முன்னாடி மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். பாப்பா செல்லு நீளமா, ஒல்லியா இருக்கும். மருந்து போட்ட பிளாஸ்க்ல உருண்டு திரண்டு நெருக்கியடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கட்டிச் செல்லு, முப்பது வருஷமா தினம் பார்த்த மூஞ்சி, தெரியாதா? அந்தப் பொண்ணு புதுசு. மருந்தால உருவம் மாறியிருக்குன்னா. நானும் அப்படித்தான்னு நம்ப ஆசைப்பட்டேன். வெளியில குடுத்துச் சோதிச்சேன். ஆம்பளை செல்லுன்னு வந்துச்சு. பாப்பாவோடது ஒண்ணுகூட மிச்சமில்ல, எல்லாத்தையும் அது முந்திடுச்சு."

"ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே" என்றான் தந்தி.

"பேப்பர்ல போட்டாச்சு. பாராட்டு விழா நடந்தாச்சு. போன்ல பயமுறுத்தினா, அந்த அம்மாவே கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவாங்க, விஷயம் தானா அமுங்கிடும்னு நெனச்சேன்."

"எட்டு வருஷமா பயந்துக்கிட்டே இருக்கிறவளுக்குப் புதுசா பயப்பட என்ன இருக்கு?" என்றாள் அக்கா. "அவ பயப்படலை. போன் பண்ணினவன் வாயை அடைக்க என்னைக் கூப்பிட்டா. மருந்து வேலை செய்யுமா?"

"செய்யும்னு காட்ட இப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஈரலைக் கெடுக்கும், அது மட்டும் நிச்சயம்."

"நாளைக்குக் காலையில என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "உடம்பு சரியில்லைன்னு வராம இருந்திருப்பேன்."

"அப்புறம்?"

"வேற டாக்டர் யாராவது குடுத்திருப்பாங்க" என்றார் மிக மெதுவாக.

தந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவனுக்கு மூக்கு விடைத்தது. பட்டம், படிப்பு, பாராட்டு விழா என்று நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டன. அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தனக்கும் கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

"போன்ல சொன்னதை நேர்ல சொல்லணும்" என்றாள். "இப்பவே. உங்க சொந்தக் குரல்ல."

*

பட்டறையிலிருந்து கணவனைத் தந்தி அழைத்து வந்திருந்தான். சுவரோரமாக, கையில் கரியோடு நின்றான் அந்த மனிதன். தையல் மெஷினுக்குப் பின்னால் மனைவி. நடுவில் இருட்டில் பெரிய டாக்டர்.

சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், சுற்றி வளைக்காமல். என் தப்பு, என் கை, என் சோம்பல். பிழைத்தது வேறு யாருடையவோ செல்கள். நாளைக்கு மருந்து கிடையாது. திங்கட்கிழமை எல்லோருக்கும் எழுதிப் போட்டுவிடுவேன்.

"சரிங்க" என்றாள் குழந்தையின் அம்மா. துணி தைக்கக் கொடுத்தவர் வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டால் சொல்வாளே, அதே சரி. கணவன் பக்கம் திரும்பினாள்.

"போன் நீங்க பண்ணலையா?"

"இல்ல."

"நீங்கதான்னு நெனச்சேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இல்லேன்னு சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே" என்றான் அவன்.

அறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு குழந்தை வந்து நின்றது. முகமெல்லாம் புள்ளி, கன்னத்தில் தையல் தழும்பு. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ.

"நாளைக்கு மருந்து இல்லையாம்மா?"

"இல்லடா."

"சரி" என்றது குழந்தை. அம்மா சொன்ன அதே சரி. எட்டு வயதில் அந்தச் சரி அவ்வளவு பழகியிருந்தது. அக்கா தன் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை பெரிய டாக்டரிடம் போய் நின்றது. "அங்கிள், மருந்து போடாதது எல்லாம் என்னோடதுதானே? அது உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா இருக்கு." அவருக்குப் பேசுவதற்கு ஏதோ கிடைத்துவிட்டது. "அடுத்து என்ன மருந்து கண்டுபிடிச்சாலும் அதுலதான் முதல்ல போட்டுப் பார்ப்போம். பத்திரமா பார்த்துக்கிறேன். இனிமே நானே நேர்ல நின்னு அதுக்குச் சாப்பாடு..."

"நீங்க போட வேணாம் அங்கிள்" என்றது குழந்தை. "கையுறையைக் கழட்டாமலே எனக்கு லேப்ல சாக்லேட் குடுத்தாங்களே ஒரு ஆண்ட்டி, அவங்களே போடட்டும்."

தந்திக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான், ஆனாலும் பாதி வெளியே வந்துவிட்டது. அதைக் கேட்டுக் குழந்தையின் அம்மாவும் சிரித்தாள். சிரித்தவள் நிறுத்தவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எட்டு வருஷத்து அழுகையை அழுதாள். கணவன் கரிக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். துடைத்தது போதாதென்று தோன்றியதோ என்னவோ, தொடலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நின்று, பிறகு அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சரிம்மா. அவங்களே போடட்டும்" என்றார் பெரிய டாக்டர். தலையைக் குனிந்துகொண்டு, முட்டியை இழுத்து இழுத்து வெளியே போனார்.

போனவர் கதவைச் சாத்த மறந்துவிட்டார். பிற்பகல் வெயில், பாய் விரித்த மாதிரி அறைக்குள் நீண்டு விழுந்தது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், குழந்தை அம்மாவைப் பார்த்தபடியே, காலடியைக்கூடப் பார்க்காமல், சரியாக இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றது.

அக்கா ஓடிப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியவள் அதன் மேலேயே சாய்ந்துகொண்டாள். தந்தி இருட்டில் தடவிக்கொண்டு வந்து, "அக்கா, அழறீங்களா?" என்றான்.

"ஆமாடா" என்றாள் அக்கா.